ஜன்னலோரக் கட்டிலின் முடிச்சு

பஸ்ஸிலும் ரயிலிலும் ஆயுள் முழுக்க எனக்குக் கிடைக்காத ஜன்னலோர இடம், கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. சக்கர நாற்காலியில் குறுகி உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் ஆழ்கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைத்துக்கொண்டிருந்த அந்த நிலையிலும் எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். என் வீட்டுக்காரி அதைக் கவனித்துவிட்டாள்.

"சாகக் கிடக்கிறப்பவும் பல்லக் காட்டுங்க."

அவளுக்குக் கோபம். என் சட்டைப் பையில் சிகரெட் பெட்டியைக் கண்டுபிடித்ததிலிருந்தே கோபம். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியெல்லாம் என் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே திட்டினாள். ஒரே கையால் இரண்டு வேலையும் செய்யத் தெரிந்தவள்.

நாற்காலியைத் தள்ளி வந்த ஆள் மட்டும் வார்டு வாசலில் நின்றான்.

"சிஸ்டர், வேற கட்டில் இல்லையா?"

"இருந்தா அங்க போடுவேனா?" என்றார் சிஸ்டர், தாழ்ந்த குரலில். "தள்ளு."

எனக்கு அது காதில் விழுந்தது. காதுதான் எனக்குச் சோறு போடும் உறுப்பு. காதும் தொண்டையும். காய்கறி மொத்த மார்க்கெட்டில் நான் ஏலம் விடுகிறவன். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று நான் இழுத்தால் மார்க்கெட்டின் மறுகோடியில் மூட்டை தூக்குகிறவன் திரும்பிப் பார்ப்பான். என் குரலைக் கேட்டால் வெங்காயமே கண்ணீர் விடும் என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். ஒரு ஏலத்துக்கும் அடுத்த ஏலத்துக்கும் நடுவில் ஒரு சிகரெட். அப்படித்தான் என் நுரையீரல், அடுப்படியில் பல வருஷம் உழைத்த கைப்பிடித் துணி மாதிரி ஆகிவிட்டது.

கட்டிலில் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். பினாயில் வாசனை. ஸ்பிரிட் வாசனை. இரண்டுக்கும் அடியில், மெத்தைக்குள்ளிருந்து வருவதுபோல, மூன்றாவதாக ஒரு புளித்த வாடை. ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஆனாலும் அது போகவில்லை.

கட்டிலின் பக்கவாட்டுக் கம்பிகளில் பெயிண்ட் உரிந்திருந்தது. இடது பக்கம் ஒரு வளையம். வலது பக்கமும் அதே இடத்தில் ஒரு வளையம். எதையோ கட்டி, அது பலமாக இழுபட்டு, தேய்ந்த மாதிரி.

டாக்டரம்மா வந்தார். என் மகளைவிடச் சின்னவர். ரத்தத்தைச் சோதித்த முடிவைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரியிடம் நேராகவே சொன்னார்.

"உள்ள இழுக்கிற காத்து பத்தல. அதவிட, வெளிய போகவேண்டிய கெட்ட காத்து ரத்தத்துலயே தங்கிடுச்சு. இந்த மாஸ்க்க இறுக்கமா மாட்டி மெஷின்ல இணைப்போம். அவர் மூச்சு இழுக்கறப்ப அது கூடச் சேர்ந்து தள்ளும். விடறப்ப குறைச்சுக்கும். சாயங்காலம் வரைக்கும் இதத் தாங்கிட்டார்னா பொழச்சுப்பார்."

"தாங்கலன்னா?"

"தொண்டை வழியா குழாய் போடணும். இவர் நுரையீரல் இருக்கிற நிலைமையில, போட்ட குழாய வெளிய எடுக்கிறது ரொம்பக் கஷ்டம்மா."

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மாஸ்க்கை மாட்டினார்கள். மூக்குத்தண்டிலிருந்து தாடை வரை கெட்டியான ஒளிபுகும் பிளாஸ்டிக். பின்மண்டையைச் சுற்றிப் பட்டைகள். ஓடுகிற பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வாயைத் திறந்திருக்கிறீர்களா? அந்தக் காற்று. அது உங்களைக் கேட்டுக்கொண்டு வராது. சண்டை போட்டால் மூச்சு முட்டும், ஒத்துப்போனால் அதுவே தூக்கிவிடும். கொஞ்ச நேரத்தில் ஒத்துப்போகக் கற்றுக்கொண்டேன். கல்யாணமானவனுக்கு அது பெரிய வித்தை இல்லை.

ஆனால் பேச முடியாது. அங்கேதான் நான் கெட்டேன்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் மாஸ்க்கை இழுத்துத் தூக்கிவிட்டு, "சிஸ்டர், இந்த மெஷின் என் மாமியார் மாதிரி. நான் மூச்சு விடறதுக்குள்ள பேச ஆரம்பிச்சிடுது," என்றேன்.

"எங்கம்மாவ இழுக்காதீங்க!" என்றாள் வீட்டுக்காரி. திரையில் என் ஆக்சிஜன் எண் சரசரவென்று இறங்கியது. சிஸ்டர் ஓடி வந்து மாட்டினார். பார்வையாளர் நேரம் முடிந்து வீட்டுக்காரி வெளியே போன பிறகு, பக்கத்துக் கட்டில்காரரிடம் அதே ஜோக்கைச் சொல்ல மறுபடியும் கழற்றினேன். அவரும் மாஸ்க்கில் இருந்தார். சிரிக்கவில்லை. கண்ணை மட்டும் கீழே இறக்கித் தன் கைகளைக் காட்டினார்.

இரண்டு மணிக்கட்டும், காயத்துக்குக் கட்டும் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன.

"உங்களுக்கும் கைக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுத்துடலாம்," என்றார் சிஸ்டர் என் பின்னாலிருந்து. அந்த வார்டில் அதற்கு அதுதான் பெயர். கைக்கு ரெஸ்ட். குரலில் எரிச்சல்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. அத்தனை கட்டிலுக்கும் அன்று அவர் ஒருவர்தான். ஒருத்தர் மாஸ்க்கைக் கழற்றினால் ஓட வேண்டும், ஓடிய நேரத்தில் இன்னொருவர் கழற்றுவார். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம், ஒரு சுருள் காஸ் துணி.

பெயிண்ட் உரிந்த வளையங்களில் என் கைகள் கச்சிதமாகப் பொருந்தின.

பேய் என்றால் நடுநிசியில்தான் டூட்டிக்கு வரும் என்பார்கள். நான் பார்த்தது பகல் ஷிப்ட். வெயில் ஏறுகிறதென்று சிஸ்டர் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனார். வார்டு பழுப்பு நிறமாயிற்று. மெஷின் தள்ளும் காற்று. நான் விடும் காற்று. உஸ்... ஹா. உஸ்... ஹா.

நடுவில் இன்னொன்று.

எங்கள் தாளத்தில் சேராமல், அவசர அவசரமாக, யாரோ மூச்சு வாங்கும் சத்தம்.

பக்கத்துக் கட்டில்காரர் என்று நினைத்தேன். அவர் நிதானமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் என் தலைக்கு மேலிருந்து வந்தது. கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தேன். சுவரில் ஓர் ஆணியில், எந்தக் குழாயிலும் இணைக்கப்படாத பழைய மாஸ்க் ஒன்று தொங்கியது. உள்ளே காலி. வெறும் பிளாஸ்டிக்.

அதன் உட்புறம் வெண்மையாக ஆவி படர்ந்தது.

கலைந்தது.

மறுபடியும் படர்ந்தது.

அதே சமயம் அந்தப் புளித்த வாடை எழும்பி என் மாஸ்க்குக்குள் வந்தது. இறுக்கமாக மாட்டிய மாஸ்க்குக்குள் வெளி வாடை எப்படி வரும் என்று என்னைக் கேட்காதீர்கள். வந்தது. மெஷின் தள்ளிய காற்றில் பாதி ஏற்கெனவே வயிற்றுக்குள் போய், வயிறு தவில் மாதிரி உப்பியிருந்தது. வாடை பட்டதும் அது ஒரு புரட்டு புரட்டியது.

வாந்தி வரப்போகிறது.

வாயையும் மூக்கையும் மூடிய மாஸ்க்குக்குள் வாந்தி எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். வருவது வெளியே போக வழியில்லை. அடுத்த மூச்சில் மெஷின் அதை அப்படியே நெஞ்சுக்குள் தள்ளும். அதற்கு நான் என்ன சாப்பிட்டேன் என்றெல்லாம் தெரியாது. காற்றை உள்ளே தள்ளத்தான் அதற்குத் தெரியும்.

கத்தினேன். "ம்ம்ம்" என்று வந்தது. தலையை ஆட்டினேன். மாஸ்க் விலகி மெஷின் பீப் பீப் என்றது. வார்டின் கோடியில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் வந்தார். விரல்களைக் குவித்து வாயைக் காட்டப் பார்த்தேன். கட்டிய கை கம்பி வரைக்கும்தான் போனது. ஏலத்தில் ஒருத்தன் மூக்கைச் சொறிந்தால் எவ்வளவு ஏற்றிக் கேட்கிறான் என்று கண்டுபிடிப்பவன் நான். விரல் அசைவைப் படித்துப் பிழைத்த என் விரலைப் படிக்க அங்கே ஆள் இல்லை.

"ஜோக்கெல்லாம் அப்புறம் சொல்லலாம். பேசாதீங்க."

பீப் சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். பட்டையை இன்னும் ஒரு பிடி இறுக்கினார். போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தை நான் எந்த ஏலத்திலும் பார்த்ததில்லை. கல்யாண மோதிரத்தால் கம்பியைத் தட்டினேன். தட். ஒரு தரம். தட் தட். ரெண்டு தரம். பழக்கதோஷம். சாகும்போதும் கணக்காகத்தான் தட்டுவேன் போலிருக்கிறது.

சிஸ்டர் திரும்பவில்லை.

தட், என்றது வலது பக்கக் கம்பி.

என் மோதிரம் இடது கையில்.

தட் தட்.

மெஷின் காற்றைத் தள்ளியது. அந்தக் காற்றோடு குழாய் வழியாக ஒரு குரல் என் வாய்க்குள் வந்தது. பெண் குரல். மாஸ்க்குக்குள்ளிருந்து பேசுகிறவர்களின் அமுங்கிய குரல். ஒரு மூச்சுக்கு ஒரு துண்டு.

"சொன்..."

உஸ்.

"...னேன்."

உஸ்.

"எத்தன... தடவ... சொன்னேன்."

அது அழவில்லை. கெஞ்சவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசியது. அவ்வளவு கோபமான குரலை நான் கேட்டதே இல்லை, எனக்கு இத்தனை வருஷம் கல்யாணமாகியும்.

வயிறு மேலே எழும்பியது. தொண்டை வரை வந்துவிட்டது. கண்ணை இறுக மூடினேன்.

"மூணு... தரம்."

என் இடது மணிக்கட்டில் விரல்கள் பட்டன. ஐஸ். நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். ஆறுதலாகத் தடவவில்லை அவை. முடிச்சைப் பிய்த்தன. நகம் என் தோலைக் கீறியது. ஒரு வெடுக்.

கை விடுபட்டது.

மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து, குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தேன். எல்லாம் தரையில் விழுந்தது. நெஞ்சுக்குள் ஒரு சொட்டும் போகவில்லை.

"அய்யோ! யாரு அவுத்தது?" சிஸ்டர் ஓடி வந்தார். அவர் ஓடி வரும்போதே பக்கத்துக் கட்டில்காரரின் காஸ் துணிகள் தாமாக அவிழ்ந்து விழுந்தன. எதிர்க் கட்டிலிலும் விழுந்தன. சிஸ்டர் அதைப் பார்க்கவில்லை. என் மேல் குனிந்து, ஒரு கையைக் கம்பியில் ஊன்றி, மறுகையால் மாஸ்க்கை எட்டினார்.

எட்டவில்லை.

அவர் மணிக்கட்டு கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. பெயிண்ட் உரிந்த அதே இடத்தில். அதை அவிழ்க்கப் போன கையையும் காஸ் துணி பாம்பு மாதிரி சுற்றியது. யாரும் கட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடிச்சு தானாக விழுந்து, தானாக இறுகியது.

சிஸ்டரின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

மாஸ்க் என் காலடியில் காற்றைச் சீறிக்கொண்டு கிடந்தது. எனக்கு அதை எட்டத் தெம்பில்லை. திரையில் எண் இறங்கியது. எண்பதுகளுக்குப் போய், அதற்கும் கீழே. விரல்நுனி நீலமாகியது.

மெஷின் போட்ட பீப் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கட்டுண்ட சிஸ்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மாஸ்க்க எடுத்து அவர் மூஞ்சில அழுத்துங்கம்மா! சீக்கிரம்!" சிஸ்டருக்கு இப்போது குரல் வந்தது.

அவள் மாஸ்க்கைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். மறுபக்கம் யாரோ பிடித்திருப்பதுபோல அது அரையடி வந்து அரையடி போனது.

வேறு யாராவது என்றால் அலறியிருப்பார்கள். என் வீட்டுக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாருடி அது? விடு! என் புருஷன் உனக்கு என்ன பண்ணாரு? என்கூட மல்லுக்கு நிக்கிறியா? விடுடி!"

மாஸ்க் நடுங்கியது. விடவில்லை.

கையை அசைத்து அவளை நிறுத்தினேன். இருந்த மூச்சையெல்லாம் திரட்டினேன்.

"திட்டாத... அவங்கதான்... என்னை அவுத்துவிட்டாங்க." சிஸ்டரைப் பார்த்தேன். "இதே கட்டில்... என்ன நடந்துச்சு... சொல்லிடும்மா."

சிஸ்டர் தலையைக் குனிந்தார். கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். ஆனால் வார்டு முழுக்கக் கேட்டது.

"தையக்காரம்மா ஒருத்தங்க. மாஸ்க்க இழுத்துக்கிட்டே இருந்தாங்க. கெட்ட காத்து மூளைக்கு ஏறி ஒளறுறாங்கன்னு நெனச்சு கட்டினேன். விரலக் காட்டிக்கிட்டே இருந்தாங்க. வாந்தி வருதுன்னுதான் காட்டியிருக்காங்க." மூக்கை உறிஞ்சினார். துடைக்கக் கை இல்லை. "நான் பொறுங்கம்மான்னு சொல்லிட்டு... இன்னும் இறுக்கினேன். திரும்பி வந்து பாக்கிறப்ப மாஸ்க் பூரா... கையெல்லாம் ரத்தம். அவ்ளோ இழுத்திருக்காங்க. வியாதி முத்தி இறந்துட்டாங்கன்னு வீட்டு ஆளுங்ககிட்ட சொன்னோம். முடிச்ச நான்தான் அவுத்து, துணியத் தூக்கிப் போட்டேன். மன்னிச்சிடுங்கம்மா."

ஒரு நீண்ட மூச்சு. எனக்கும் மெஷினுக்கும் சேராத மூச்சு.

காஸ் துணி அவிழ்ந்து தரையில் விழுந்தது. என் வீட்டுக்காரி பிடித்திருந்த மாஸ்க் சட்டென்று விடுபட, அவள் பின்னால் தடுமாறினாள். சிஸ்டர் அதை வாங்கித் துடைத்து, என் முகத்தில் பொருத்தினார். இந்த முறை பட்டைக்குள் இரண்டு விரல் போகிற அளவு இடம் விட்டார்.

சாயங்காலம் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். கெட்ட காற்று இறங்கியிருந்தது. குழாய் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. சிஸ்டர் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னார். பேய்க்கதையை மட்டும் விட்டுவிட்டார்.

"மாஸ்க் போட்டவங்க கையக் கட்டவே கூடாது! வேணும்னா அவங்களே ஒரு இழுப்புல கழட்டிடற மாதிரி இருக்கணும்!" டாக்டரம்மா கத்தினார்.

நியாயமான பேச்சு. ஆனால் அதைத் தையற்கார அம்மா உயிரோடு இருந்தபோது கத்தியிருக்கலாம். தினமும் டாக்டரம்மா நோயாளியைப் பார்க்க வந்து கை வைத்து நிற்கிற கம்பியில்தான் பெயிண்ட் உரிந்திருந்தது. எல்லோருடைய கண்ணுக்கும் தெரிகிற இடத்தில். ஒருத்தியை வைத்து ஒரு வார்டின் மூச்சையே காவல் காக்கச் சொன்ன பெரிய மனிதர்கள் எந்த அறையில் உட்கார்ந்திருந்தார்களோ, அவர்கள் கையை யார் கட்டுவது? என் கோபம் சிஸ்டர் மேல் அரைமணிகூட நிற்கவில்லை. மேலே ஏறிப் போய், இன்னும் இறங்காமல் இருக்கிறது.

என் இடது மணிக்கட்டில் கீறல் இன்னும் இருக்கிறது. நகக் கீறல் கோணல்மாணலாக இருக்கும் என்பார்கள். இது சட்டை விளிம்பில் போட்ட தையல் மாதிரி நேராக, சீராக, சின்னச் சின்னதாக இருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். வெயில் சுள்ளென்று அடித்தது. வெளியே வரும்போது அந்த வார்டு வழியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்தேன். சிஸ்டருக்கு ஒரு வணக்கம் வைக்கலாம் என்று.

அவர் இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாராம். புதிதாக ஒருத்தி, சின்னப் பெண், அத்தனை கட்டிலுக்கும் நடுவில் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரக் கட்டிலின் கம்பிகளுக்குப் புது பெயிண்ட். பளபளவென்று வெள்ளை. அதில் ஒரு பெரியவர் மாஸ்க்கோடு படுத்திருந்தார்.

வெள்ளைக் கம்பியில் வெள்ளைக் காஸ் துணி. முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை.

"யாரும்மா இவரக் கட்டினது?" என் வீட்டுக்காரியின் குரல் உயர்ந்தது.

"கட்டலம்மா," என்றாள் அந்தப் பெண், சிரித்தபடியே. "மாஸ்க்கக் கழட்டிக்கிட்டே இருந்தாரு. கைக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுத்திருக்கோம், அவ்ளோதான்."

பெரியவரின் விரல்கள் எதையோ குவித்துக் காட்டிக்கொண்டிருந்தன.

அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால், சுவர் ஆணியில், காலி மாஸ்க் தொங்கியது.

அதன் உட்புறம் வெண்மையாக ஆவி படர்ந்தது.

தட், என்றது கம்பி.

"அவுத்துடும்மா," என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. மார்க்கெட்டையே திரும்பிப் பார்க்க வைத்த குரல். "அவுத்துடு. சீக்கிரம் அவுத்துடு."

"தாத்தா, நீங்க வேற. அவருக்கு ஒண்ணும் ஆகாது," என்று சொல்லிக்கொண்டே அவள் கட்டில் மேல் குனிந்து, ஒரு கையைக் கம்பியில் ஊன்றினாள்.

தட் தட்.